பத்தருக்குப் புற்றுநோய் என்றால்: பினாங்கில் சிகிச்சையோடு பட்டறையையும் விரலையும் காப்பது எப்படி

பயாப்சி முடிவு வந்த நாளுக்கும் முதல் கீமோ ஊசி அல்லது அறுவைக்கும் நடுவில் பெரும்பாலும் சில வாரங்கள் கிடைக்கும். சொந்த நகைப் பட்டறை வைத்திருக்கும் பத்தர் (பொற்கொல்லர்) செய்ய வேண்டிய முக்கியமான வேலை எல்லாம் அந்த வாரங்களில்தான் இருக்கிறது. எம்சி (மருத்துவ விடுப்புச் சான்று) கொடுத்தால் சம்பளம் வரும் தொழில் இது இல்லை. பெட்டியில் இருக்கும் தங்கத்தில் பாதி அடுத்தவருடையது. வேலை முழுவதும் விரல் நுனியில். இந்த மூன்றையும் கணக்கில் எடுத்து, ஜார்ஜ்டவுன், பட்டர்வொர்த் பக்கம் பட்டறை நடத்தும் பத்தர்களுக்காக எழுதியது இது. தையல்காரர், தச்சர், மாலை கட்டுபவர் ஆகியோருக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். தீபாவளி ஆர்டர் முடியட்டும், தை முகூர்த்தம் போகட்டும் என்று சிகிச்சைத் தேதியைத் தள்ளாதீர்கள். ஆர்டரை வேறு பத்தரிடம் மாற்றிவிடலாம். கட்டி யாருக்காகவும் காத்திருக்காது.

ஆஸ்பத்திரிக் கோப்பு

தனியார் கிளினிக்கில் பயாப்சி எடுத்துவிட்டு அரசு மருத்துவமனைக்கு மாறுபவர்கள்தான் அதிக நாளை இழக்கிறார்கள். காரணம், கையில் ரிப்போர்ட் தாள் மட்டும் இருக்கும். அரசு மருத்துவமனை நோய்க்குறியியல் பிரிவு திசுவைத் தானே மறுபடி பார்க்க விரும்பும். அதனால் தனியார் ஆய்வுக்கூடத்தில் கண்ணாடி ஸ்லைடு, மெழுகு பிளாக் இரண்டையும் கேட்டு வாங்குங்கள். சிடி ஸ்கேனுக்குத் தாள் ரிப்போர்ட்டோடு படம் பதிந்த குறுந்தட்டும் வேண்டும். பரிந்துரைக் கடிதம், அடையாள அட்டை நகல், இப்போது சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியல் எல்லாம் ஒரே கோப்பில் இருக்கட்டும். பட்டியலில் நாட்டு மருந்தையும் எழுதுங்கள். சாபா பாம்புப் புல், டுரியான் பிளாண்டா (முள் சீத்தா) இலைக் கஷாயம் என்று யாராவது கொண்டுவந்து கொடுப்பார்கள். அவை புற்றுநோயைக் குணமாக்கும் என்பதற்கு மனிதர்களிடம் செய்த நம்பகமான ஆய்வு இல்லை. கீமோ காலத்தில் ஈரல் எண்கள் ஏறினால், எதனால் ஏறியது என்று மருத்துவருக்குத் தெரியாமல் போகும். குடிப்பதாக இருந்தால் மறைக்காதீர்கள்.

குடிமக்களுக்கு அரசு மருத்துவமனை நிபுணர் கிளினிக்கில் ஒரு முறைக்கு 5 ரிங்கிட், மூன்றாம் வகுப்பு வார்டில் ஒரு நாளைக்கு 3 ரிங்கிட் என்பது நெடுங்காலமாக இருந்துவரும் கட்டணம். எனவே பணம் இல்லையே என்று சிகிச்சையை நிறுத்தத் தேவையில்லை. செலவு கூடுவது வேறு இடத்தில்: மானியத்தில் இல்லாத சில மருந்துகள், போக்குவரத்து, சத்துணவுப் பால், எல்லாவற்றுக்கும் மேலாக வேலை செய்யாத நாட்கள்.

மருத்துவரிடம் முதலில் சொல்ல வேண்டியது

புற்றுநோய் நிபுணரை முதன்முறை பார்க்கும்போது "நான் பத்தர், நாள் முழுக்க அரமும் வாளும் சாமணமும் பிடிக்கும் கை" என்று சொல்லுங்கள். யாரும் கேட்கமாட்டார்கள். படிவத்தில் சுயதொழில் என்று மட்டும் இருக்கும். ஆனால் மருந்தையும் அளவையும் முடிவு செய்யும்போது இந்தத் தகவலுக்கு எடை உண்டு.

ஆக்சாலிபிளாட்டின், பாக்ளிடாக்சல், டோசிடாக்சல், வின்கிரிஸ்டின் ஆகியவை விரல் நுனி, பாத நரம்புகளைத் தாக்கக்கூடியவை. மரத்துப்போகும், ஊசி குத்தும், பொடிமணி நழுவும். கேப்பசிடாபின் மாத்திரை உள்ளங்கையையும் உள்ளங்காலையும் சிவக்கவைத்துத் தோலுரிக்கும். சிஸ்பிளாட்டின் காதில் இரைச்சலையும் கேட்புக் குறைவையும் உண்டாக்கலாம். எல்லாருக்கும் எல்லாம் வருவதில்லை. வந்தால் எந்த அளவில் மருந்தைக் குறைப்பது, எப்போது மாற்றுவது என்று முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்ளுங்கள்.

ஓர் உதாரணம். மூன்றாம் கட்டப் பெருங்குடல் புற்றுநோய்க்கு அறுவைக்குப் பின் ஆறு மாதம் ஆக்சாலிபிளாட்டின் கலந்த கீமோ கொடுப்பது வழக்கமாக இருந்தது. 2018-ல் வெளியான ஐடியா என்ற கூட்டாய்வு, அபாயம் குறைந்த பிரிவினருக்கு மூன்று மாத கேப்பாக்ஸ் (கேப்பசிடாபினும் ஆக்சாலிபிளாட்டினும் சேர்ந்த) சிகிச்சை ஏறக்குறைய அதே பலனைத் தருவதையும், நரம்புச் சேதம் மிகவும் குறைவதையும் காட்டியது. "எனக்கு மூன்று மாதம் போதுமா, ஆறு மாதம் வேண்டுமா, ஏன்?" என்று கேட்பது நியாயமான கேள்வி. பதில் உங்கள் கட்டியின் ஆழத்தையும் நிணநீர்க் கணுக்களின் எண்ணிக்கையையும் பொறுத்தது. அபாயம் கூடிய நிலை என்றால் விரலுக்காக உயிரைப் பணயம் வைக்க வேண்டாம்.

ஊசி ஏற்றும் கையும் முக்கியம். வாள் பிடிக்கும் கையை விட்டு மறு கையில் போடச் சொல்லுங்கள். கீமோபோர்ட் (மருந்து ஏற்றத் தோலுக்கடியில் வைக்கும் சிறு கருவி) பொருத்துவதாக இருந்தால் எந்தப் பக்கம் என்பதை முன்பே பேசுங்கள். சுத்தியல் ஓங்கும் தோளுக்குக் கீழே அது இருந்தால் வேலையில் உறுத்தும். மார்பகப் புற்றுநோய்க்காக அக்குள் கணுக்களை எடுத்திருந்தால் மட்டும் இந்த விதி மாறும். அந்தப் பக்கக் கையில் ஊசி வேண்டாம் என்றே பெரும்பாலும் சொல்வார்கள்.

அடுத்தவர் தங்கம்

பட்டறையில் இருப்பதையெல்லாம் ஒரே நாளில், குடும்பத்தில் ஒருவர் கூட இருக்க, நிறுத்துப் பதியுங்கள். முடிந்த நகை, பாதியில் நிற்கும் நகை, இன்னும் தொடாத தங்கம் என்று மூன்றாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் தனி உறையில் போடுங்கள். உறையின் மேல் வாடிக்கையாளர் பெயர், தொலைபேசி எண், வாங்கிய எடை, இப்போதைய எடை, தரம், முன்பணம், பேசிய கூலி, சேதாரம் எல்லாம் இருக்க வேண்டும். தராசுத் திரை தெரியும்படி கைப்பேசியில் படம் எடுங்கள். படத்தை மனைவியோ மகனோ பார்க்கும் இடத்தில் வையுங்கள். பத்தரின் நினைவில் மட்டும் இருக்கும் கணக்கு, அவர் வார்டில் படுத்த அன்றைக்கே சண்டையாகிவிடும்.

முடிந்த நகையை உடனே கொடுத்துக் கூலியை வாங்குங்கள். தொடாத தங்கத்தை எடை போட்டு, கையெழுத்து வாங்கித் திருப்பிக் கொடுங்கள். பாதியில் நிற்பதில் தாலிக்கே முதலிடம், முகூர்த்தத் தேதி நகராது. உங்களால் முடியாது என்றால் நம்பிக்கையான வேறு பத்தரிடம் கொடுக்கலாம். ஆனால் வாடிக்கையாளரைக் கேட்டு, மூவரும் எடையைப் பார்த்த பிறகு மட்டும்.

சொல்லும் செய்தி நேராக இருக்கட்டும். இப்படி அனுப்பலாம்: "வணக்கம். மருத்துவச் சிகிச்சைக்காக இம்மாதம் 15 முதல் பட்டறை முழு நேரம் திறந்திருக்காது. உங்கள் 24.3 கிராம் தங்கம் என்னிடம் பத்திரமாக உள்ளது. திருப்பித் தரவா, அல்லது இரண்டு மாதம் கழித்து முடித்துத் தரவா என்று இந்த வாரத்துக்குள் சொல்லுங்கள்." நோயின் பெயரைச் சொல்வதும் சொல்லாததும் உங்கள் விருப்பம். ஊருக்குப் போகிறேன் என்று மட்டும் பொய் சொல்லாதீர்கள். தங்கத்தோடு பத்தர் காணாமல் போனார் என்ற பேச்சு லெபோ பாசாரில் ஒரு பசியாறல் நேரத்துக்குள் சுற்றிவரும். அதைத் துடைக்க வருடங்கள் ஆகும்.

பட்டறையின் மறைந்த சேமிப்பு ஒன்று உண்டு: ராவுத்தூள், தரைக்குப்பை, உப்புத்தாள் துண்டு, தோல் மடி, கை கழுவும் தொட்டியின் அடிமண். எல்லாவற்றையும் சேர்த்து உருக்கிச் சுத்திகரிப்பவரிடம் கொடுத்தால் கையில் காசு வரும். கொடுக்கும் எடைக்கும் திரும்பி வரும் எடைக்கும் ரசீது வாங்குங்கள். இதைக் கீமோவுக்கு முன்பே, மூக்குக்கு மூடி போட்டுச் செய்துவிட வேண்டும். வெள்ளணுக்கள் குறைந்திருக்கும்போது தூசு கிளப்பும் வேலை கூடாது.

கைரேகை அழிவதற்கு முன்

கேப்பசிடாபின் சாப்பிடும் சிலருக்குத் தோலுரிந்து கைரேகை மங்கிவிடும். நம் நாட்டில் இது பெரிய தொல்லை. வங்கியிலும் அரசு அலுவலகங்களிலும் மைகார்டை வைத்துக் கட்டைவிரலை அழுத்தச் சொல்வார்கள். பத்தர் விரலோ ஏற்கெனவே தேய்ந்த விரல். ஆகவே மாத்திரை தொடங்கும் முன் இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) கணக்கின் இணையச் சேவையைத் திறந்து, வாரிசு நியமனத்தைப் புதுப்பித்துக்கொள்ளுங்கள். கைரேகை தேவைப்படும் வங்கி வேலைகளையும் முடித்துவிடுங்கள். பின்னால் ரேகை படியவில்லை என்றால், இன்ன மருந்தின் விளைவு என்று மருத்துவரிடம் ஒரு கடிதம் வாங்கிக் கோப்பில் வையுங்கள். கைப்பேசியையும் ரேகையை விட்டு எண் பூட்டுக்கு மாற்றிவிடுங்கள்.

பட்டறை தனிநபர் வணிகமாகப் பதிவாகியிருந்தால் எஸ்எஸ்எம் (மலேசிய நிறுவனங்கள் ஆணையம்) பதிவு எப்போது முடிகிறது என்று பாருங்கள். வணிகப் பெயரில் உள்ளதற்கு ஆண்டுக்கு 60 ரிங்கிட், சொந்தப் பெயரில் உள்ளதற்கு 30. ஐந்து ஆண்டு வரை ஒரே தடவையில் கட்டலாம். சிகிச்சை நடுவே காலாவதியாகி மறந்துபோவதைவிட, இப்போதே இரண்டு ஆண்டுக்குக் கட்டுவது நல்லது. உங்கள் பகுதி மாநகர் மன்ற உரிமத்தின் தேதியையும் பாருங்கள். வங்கிக் கணக்கு உங்கள் ஒருவர் கையெழுத்தில்தான் ஓடுகிறது என்றால், இன்னொருவரைக் கையெழுத்திட அனுமதிக்கும் படிவத்தை நிரப்பிக் கொடுங்கள்.

பணம் எங்கிருந்து வரும்

சொக்சோ (சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) புற்றுநோய்க்கும் பணம் தரும் என்ற தவறான நம்பிக்கையை முதலில் பார்ப்போம். 2017-ஆம் ஆண்டின் சுயதொழில் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் நீங்கள் கட்டும் சந்தா, வேலையில் ஏற்படும் விபத்துக்கும் தொழில்சார் நோய்க்கும் உரியது. சாதாரணமாக வரும் புற்றுநோய்க்கு அதில் பணம் கிடைக்காது. முன்பு கடையில் சம்பளத்துக்கு வேலை செய்து சொக்சோ கட்டியிருந்தால் கதை வேறு. 60 வயதுக்குக் கீழே இருந்து, மாதச் சந்தாக்களும் போதுமானவை என்றால், இயலாமை ஓய்வூதியத்துக்கு விண்ணப்பிக்க இடம் உண்டு. பழைய சந்தாப் பதிவோடு அலுவலகத்துக்குப் போய்க் கேளுங்கள்.

இபிஎஃப்-இல் பணம் இருந்தால், 2024 மே முதல் உள்ள மூன்று கணக்குகளில் ஃபிளெக்சிபல் கணக்கிலிருந்து காரணம் சொல்லாமலே எடுக்கலாம். சிகிச்சைச் செலவுக்கான மருத்துவ எடுப்பு செஜாத்திரா கணக்கிலிருந்து வரும். அதற்கு மருத்துவரின் படிவமும் செலவு ஆவணமும் தேவை.

எஸ்டிஆர் (அரசின் ரஹ்மா ரொக்க உதவி) பெறுபவருக்கோ அவரது துணைவருக்கோ வயது 40 அல்லது அதற்கு மேல் என்றால், குறைந்த வருமானத்தினருக்கான பெக்கா பி40 சுகாதாரத் திட்டத்தைக் கேளுங்கள். புற்றுநோய்ச் சிகிச்சையை முழுமையாக முடிப்பவருக்கு 1,000 ரிங்கிட் வரையும், தீபகற்பத்தில் போக்குவரத்துக்கு 500 ரிங்கிட் வரையும் அதில் ஊக்கத்தொகை உண்டு. சிகிச்சை தொடங்கும்போதே கேட்க வேண்டும். முடித்த பிறகு நினைவு வந்தால் ஆவணம் தேடி அலைய நேரும். மானியத்தில் இல்லாத மருந்தோ உபகரணமோ தேவை என்றால், மருத்துவமனையின் மருத்துவச் சமூகப்பணிப் பிரிவே வாசல். சுகாதார அமைச்சின் மருத்துவ உதவி நிதி, மாக்னா (தேசியப் புற்றுநோய் மன்றம்), சமூகநல இலாகா ஆகியவற்றுக்கான தாள்களை அவர்களே வழிநடத்துவார்கள். அங்கே போக வெட்கப்படாதீர்கள். வார்டு நர்ஸிடம் சொன்னால் பரிந்துரை எழுதித் தருவார்.

காப்புறுதி இருந்தால் பிரீமியத்தை ஒரு மாதம்கூட விடாதீர்கள். கொடிய நோய்ப் பாலிசிக்குத் திசு ஆய்வு அறிக்கையும் மருத்துவர் நிரப்பும் படிவமும் வேண்டும். பரவாத, தோன்றிய இடத்திலேயே இருக்கும் ஆரம்பக் கட்டியைப் பல பாலிசிகள் ஏற்பதில்லை. வரையறைப் பக்கத்தை முகவரோடு உட்கார்ந்து படியுங்கள். பிரீமியத் தள்ளுபடி இணைப்பு (நோய் வந்தால் பிரீமியம் கட்டத் தேவையில்லை என்ற பிரிவு) இருக்கிறதா என்பதையும் பாருங்கள். பலர் வைத்திருந்தும் கேட்பதில்லை.

வருமான வரிக்கு சிபி500 தவணை கட்டுபவர், வருமானம் விழுவது உறுதியானால் உரிய கெடுவுக்குள் சிபி502 படிவம் கொடுத்துத் தொகையைக் குறைக்கக் கேட்கலாம். கடுமையான நோய்ச் சிகிச்சைக்கு 2023 வரியாண்டிலிருந்து 10,000 ரிங்கிட் வரை கழிவு உண்டு. ரசீதுகளைக் கோப்பில் சேர்த்துவாருங்கள். தெக்குன் ஸ்பூமி (இந்தியச் சிறுதொழில்) கடனோ வங்கிக் கடனோ இருந்தால், தவணை தவறிய பிறகு அல்ல, தவறும் முன்னே போய்ப் பேசுங்கள். ஏகேபிகே (கடன் நிர்வாக ஆலோசனை நிறுவனம்) ஆலோசனை இலவசம். வட்டிக்கு விடும் ஆலோங் பக்கம் மட்டும் திரும்ப வேண்டாம்.

21 நாள் கணக்கு

பல கீமோ மருந்துகள் 21 நாள் சுற்றில் வரும். முதல் ஐந்து நாள் குமட்டலும் அசதியும். ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரை பொதுவாக வெள்ளணுக்கள் அடிமட்டத்தில் இருக்கும். மூன்றாம் வாரம் உடல் ஓரளவு எழுந்து நிற்கும். ஆர்டரை இந்தக் கணக்கில்தான் எடுக்க வேண்டும். முதல் வாரம் கணக்கெழுதுவது, டிசைன் வரைவது, தொலைபேசி. இரண்டாம் வாரம் கடைக்கூட்டத்திலிருந்து விலகி இருப்பது. அறுக்கும், குடையும் வேலை வேண்டாம். தட்டணுக்களும் இந்தச் சமயத்தில் குறையலாம், சின்ன வெட்டிலும் ரத்தம் எளிதில் நிற்காது. மூன்றாம் வாரம் பொடி வைத்து ஊதும் வேலை, கல் பதிப்பது, அதுவும் அரை நாள். இரண்டு வாரச் சுற்று என்றால் இந்த இடைவெளி இன்னும் குறுகும். புது ஆர்டரில் "பத்து நாளில் தருகிறேன்" என்று சொல்லாதீர்கள். இரத்தப் பரிசோதனை எண் குறைந்தால் அடுத்த ஊசி ஒரு வாரம் தள்ளும், உங்கள் நல்ல வாரமும் சேர்ந்து நகரும்.

ஆக்சாலிபிளாட்டின் போட்ட அன்றிலிருந்து சில நாட்களுக்குக் குளிர் ஆகாது. ஐஸ் கச்சாங், ஐஸ் போட்ட தண்ணீர் தொண்டையை நெரிப்பதுபோல் இருக்கும். ஏர்கான் அறையில் இரவு முழுக்கக் கிடந்த கம்பியச்சைக் காலையில் தொட்டால் மின்சாரம் பாய்ந்ததுபோல் துள்ளும். கருவிகளை வெளியே வைத்து அறை வெப்பத்துக்கு வந்த பின் எடுங்கள். குளிர்பெட்டியைத் திறக்கப் பருத்திக் கையுறை போடுங்கள்.

கேப்பசிடாபின் மாத்திரையை உணவு முடிந்த 30 நிமிடத்துக்குள், 12 மணி நேர இடைவெளியில் சாப்பிட வேண்டும். உள்ளங்கை சிவப்புக்குக் காரணம் மருந்து, அதை மோசமாக்குவது அழுத்தமும் உராய்வும் சூடும். அரப்பிடி, வாள்பிடி, சுத்தியல் பிடிகளில் மெத்தென்ற ரப்பர் குழாயை மாட்டிப் பருமனாக்குங்கள். பிடியின் பருமன் கூடினால் இறுக்கிப் பிடிக்கும் விசை குறையும். யூரியா 10 சதவீதம் உள்ள களிம்பை நாளுக்கு இரண்டு மூன்று முறை தடவலாம். வலி வந்து பித்தான் போட முடியாத நிலை என்றால், அடுத்த தேதிவரை காத்திராமல் பகல்நேர வார்டுக்கு அழையுங்கள். சில நாள் நிறுத்தி, அளவைக் குறைத்துத் தொடர்வது வழக்கமான நடைமுறை. பல்லைக் கடித்துப் பொறுத்தால் தோல் வெடித்துக் கிருமி நுழையும்.

நரம்பை நீங்களே சோதிக்கலாம். ஒவ்வொரு ஊசிக்கு முந்தைய நாளும் கண்ணை மூடிக்கொண்டு ஒரு கிண்ணத்திலிருந்து பொடிமணிகளை ஒவ்வொன்றாக எடுங்கள். எத்தனை நழுவியது, எந்த விரலில் என்று எழுதி மருத்துவரிடம் காட்டுங்கள். "கொஞ்சம் மரத்திருக்கு" என்பதைவிட அது தெளிவான சாட்சி.

பட்டறைக்குள்

மரத்த விரலுக்குச் சூடு தெரியாது. ஊதிய நகையைச் சாமணத்தால் மட்டும் எடுங்கள், ஆறிவிட்டது என்று விரலால் தொட்டுப் பார்க்கும் பழக்கத்தை விடுங்கள். கீமோ வாசனை உணர்வையும் மாற்றும், கேஸ் கசிவது மூக்குக்குத் தெரியாமல் போகலாம். தினமும் குழாய் மூட்டுகளில் சோப்பு நுரை தடவிக் குமிழி வருகிறதா பாருங்கள். வேலை முடிந்ததும் சிலிண்டர் வாயிலேயே அடையுங்கள். ஊதும்போது பக்கத்தில் ஒருவர் இருக்கட்டும்.

காட்மியம் கலந்த கேடிஎம் பொடியை இத்தோடு நிறுத்துங்கள். அதன் புகை நுரையீரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும், புற்றுநோய் உண்டாக்கும் பொருளாக உறுதிசெய்யப்பட்டது. சிஸ்பிளாட்டின் எடுப்பவருக்குச் சிறுநீரகம் ஏற்கெனவே சுமையில் இருக்கும். காட்மியம் இல்லாத பொடி கடையில் கிடைக்கிறது. திராவகத்தில் போடும் வேலையை ஆளிடம் விடுங்கள். வயிற்றறுவை ஆனவர் கைச்சுற்று பட்டை மிஷினைச் சுமார் ஆறு வாரத்துக்குத் தொடக்கூடாது, தையல் உள்ளே விட்டுக் குடலிறக்கம் வரக்கூடும்.

கீமோ ஏறிய 48 மணி நேரம் சிறுநீரிலும் மலத்திலும் மருந்து இருக்கும். பொதுக் கழிப்பறை என்றால் மூடியை மூடி இரண்டு முறை தண்ணீர் விடுங்கள்.

காய்ச்சல்

பட்டறையிலும் வீட்டிலும் ஒவ்வொரு தெர்மாமீட்டர் வேண்டும். 38 பாகை அல்லது அதற்கு மேல் என்றால் நடுராத்திரியானாலும் அவசரப் பிரிவு. பனடோல் போட்டுக் காலையில் பார்ப்போம் என்று இருப்பதுதான் உயிரைப் பறிக்கும் தாமதம். வெள்ளணு இல்லாத உடம்பில் கிருமி சில மணி நேரத்தில் இரத்தத்தில் பரவும், பனடோல் காய்ச்சலை மட்டும் மறைக்கும். கவுன்டரில் வரிசை எண் எடுத்து உட்காராதீர்கள். கீமோ அட்டையைக் காட்டி, "சாயா பெசாக்கிட் கெமோ, டெமாம்" (நான் கீமோ நோயாளி, காய்ச்சல்) என்று முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். பாதி வெந்த முட்டை, பச்சை உலாம் (வேகாத கீரை, காய்), வெட்டித் திறந்து வைத்த பழம் எல்லாம் சிகிச்சை முடியும்வரை வேண்டாம்.

கதிர்வீச்சு

பினாங்கில் கதிர்வீச்சுக்குத் தஞ்சோங் பூங்கா மவுண்ட் மிரியம் மருத்துவமனையோ, அக்கரையில் பெர்தாம் யுஎஸ்எம் (மலேசிய அறிவியல் பல்கலைக்கழக) மையமோ உங்களுக்கு ஒதுக்கப்படலாம். திங்கள் முதல் வெள்ளி வரை தினம் போக வேண்டும். வாய், தொண்டைப் புற்றுநோய்க்கு 30 முதல் 35 தடவை, அதாவது ஆறேழு வாரம். நடுவில் நாள் விட்டால் பலன் குறையும். எனவே நேரம் கொடுக்கும் அன்றே பட்டறைக்கு ஏற்ற நேரத்தைக் கேட்டுப் பாருங்கள். காலை முதல் நேரம் கிடைத்தால் பிற்பகலாவது மிஞ்சும்.

வாய்ப் பகுதிக்கு என்றால் தொடங்கும் முன் பல் மருத்துவர். பிடுங்க வேண்டிய பல்லைக் குறைந்தது இரண்டு வாரம் முன்பே பிடுங்கிப் புண் ஆற வேண்டும். பிறகு பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் அழுகும் அபாயம் உண்டு. ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் ஒரு தேக்கரண்டி உப்பு, ஒரு தேக்கரண்டி சமையல் சோடா கரைத்து நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை கொப்பளியுங்கள். வெற்றிலை, புகையிலை, சிகரெட் மூன்றையும் நிறுத்துங்கள். ஊதுகுழலின் அனல் முகத்தில் படும் வேலை இந்த வாரங்களில் கூடாது, கதிர்வீச்சு பட்ட தோல் எளிதில் வெந்துவிடும். வாரம் ஒருமுறை எடை பாருங்கள். எடை தொடர்ந்து இறங்கினால் உணவியலாளரைக் கேளுங்கள், அவர் குழாய் வழி உணவு என்றாலும் மறுக்காதீர்கள். எடை குறைந்தால், கதிர்வீச்சின்போது தலையை அசையாமல் பிடிக்கும் முகமூடி அச்சு பொருந்தாமல் போகும்.

சிகிச்சை முடிந்து திரும்பும்போது

ஆக்சாலிபிளாட்டின் மரப்பு கடைசி ஊசிக்குப் பின்னும் சில மாதம் கூடிவிட்டுத்தான் இறங்கத் தொடங்கும். அதைப் பார்த்து நோய் திரும்பிவிட்டதென்று பயப்பட வேண்டாம். பொடிமணிச் சோதனையைத் தொடருங்கள். முதல் மாதம் மெருகு, கொக்கி மாற்றுவது, வளையம் ஒட்டுவது போன்ற சில்லறை வேலை போதும். கல் பதிப்பையும் பொடிமணி ஒட்டுவதையும் முதலில் வெள்ளியில் செய்து பாருங்கள். கை நிலைத்த பிறகு வாடிக்கையாளர் தங்கத்தைத் தொடலாம். ஆஸ்பத்திரித் தேதிகளைப் பட்டறை நாட்காட்டியில் சிவப்பில் குறித்து, அந்த நாளுக்கு டெலிவரி ஒப்புக்கொள்ளாதீர்கள்.